எட்டாமல் போன மீன் குழம்பு

மீன் குழம்புச் சட்டியை யாரோ கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கிறார்கள் என்று ஜபருல்லாவுக்குப் பட்டது. யார் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. மைத்துனன் ஸுல்கிஃப்லிதான்.

சூலியா தெருவிலிருக்கும் அந்த நாசி கண்டார் சோற்றுக்கடை மாமனார் வைத்தது. ஜபருல்லா மாப்பிள்ளையாக வந்து கரண்டி பிடித்தவர். இடது கையில் சோற்றுத் தட்டு, வலது கையில் கரண்டி. கோழி, கணவாய், பருப்பு, மீன் என்று நாலு சட்டியையும் ஒரே வீச்சில் தொட்டு வந்து ஊற்றுவார். எந்தக் குழம்பு எவ்வளவு என்பதைக் கைதான் முடிவு செய்யும். "அண்ணே, பஞ்சிர்!" என்று வெள்ளமாகக் குழம்பு கேட்டு வருகிறவர்கள் அந்தக் கைக்காகத்தான் வந்தார்கள். கடையின் பத்திரத்தில் மாமனாருக்குப் பிறகு ஸுல்கிஃப்லியின் பெயர் இருந்தது. கரண்டி போனால் தனக்கு அங்கே என்ன இடம் என்று ஜபருல்லா யோசிக்காத நாளில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் சோற்றுப் பானையைத் தனியாகத் தூக்கியபோது வலது தோளில் சுருக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை. கடையில் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு பரிமாறினார். வீட்டுக்கு வந்ததும் கையை மடக்கி, கைலித் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அசைக்காவிட்டால் ஆறிவிடும் என்பது அவருடைய கணக்கு.

மனைவி சித்தி ஆயிஷா எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "ஆஸ்பத்திரிக்குப் போங்களேன். ஒங்களுக்குச் சக்கர கூடி இனிப்புநீர் வேற இருக்கு," என்றாள்.

"ஒன் தம்பி சொல்லச் சொன்னானா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாதுங்க."

அதையும் அவர் நம்பவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது மீன் குழம்பு எட்டவே இல்லை. இடுப்பை வளைத்து உடம்பையே மேசைமேல் சாய்த்தால்தான் கரண்டி விளிம்பைத் தொட்டது. வழக்கமாக வரும் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, மீனு இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். ஜபருல்லாவுக்கு முகம் சிவந்தது. கூட்டம் குறைந்ததும் மைத்துனனைக் கூப்பிட்டார்.

"சட்டிய ஏன் தள்ளித் தள்ளி வைக்கிற?"

ஸுல்கிஃப்லி விழித்தான். "நான் எங்க மச்சான் வச்சேன்? சட்டிக்குக் காலா மொளச்சிருக்கு?"

"நடிக்காத."

அவன் இரண்டு துணியை எடுத்து, சட்டியின் காதுகளைப் பிடித்துத் தூக்கினான். அடியில் எஃகு மேசையில், வருடக்கணக்காகச் சூட்டோடு உட்கார்ந்து பதிந்த வட்டம் கறுப்பாகத் தெரிந்தது. சட்டி அந்த வட்டத்தை விட்டு ஒரு விரல்கடைகூட நகரவில்லை. சந்தேகத்துக்கு மற்ற மூன்றையும் ஜபருல்லா தூக்கிப் பார்க்கச் சொன்னார். எல்லாம் அதனதன் இடத்தில்.

"கைய மேல தூக்குங்க மச்சான்."

தூக்கினார். தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டுப் பயிற்சி கொடுக்கும் சுபாஷினி அவருடைய கையைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் திருப்பினாள். கதவு தாழிட்டதுபோல் அது திரும்ப மறுத்தது.

"தோள் மூட்டச் சுத்தி ஒரு பை இருக்கு அங்கிள். அசைக்காம வச்சா அது சுருங்கி இறுகிடும். இனிப்புநீர் இருக்கறவங்களுக்கு இன்னும் சுலபமா வந்துரும் லா."

"அடிபட்டா ஓய்வு கொடுக்கணும்தானேம்மா?"

"கொஞ்ச நாள் சரி. நீங்க நோன்புலேருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் கட்டி வச்சிருக்கீங்க."

சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்றிப் பழகச் சொன்னாள். குனிந்து நின்று கையை ஊஞ்சலாட்டச் சொன்னாள். மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எட்டிப் பரிமாறும் வேலை வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஜபருல்லா அவளை உற்றுப் பார்த்தார். "என் மச்சான் ஒங்ககிட்ட ஏதாச்சும் பேசினானா?"

அவள் சிரித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தச் சிரிப்பு அவர் மனதில் முள்ளாகத் தங்கியது.

கரண்டி ஸுல்கிஃப்லி கைக்குப் போனது. ஜபருல்லா கல்லாவில் உட்கார்ந்து அவனுடைய ஒவ்வொரு ஊற்றலையும் கண்கொட்டாமல் பார்த்தார். கணவாய் அதிகம், பருப்பு குறைச்சல் என்று முணுமுணுத்தார். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் விரலேற்றினார். முதல் வாரங்களில் கண்ணில் நீர் வந்தது. பிறகு, ஒரு நாள் தொழுகைத் தொப்பியை வலது கையாலேயே தலையில் வைத்துக்கொள்ள முடிந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் ஸுல்கிஃப்லி தானாகவே கரண்டியை நீட்டினான்.

"பிடிங்க மச்சான். மத்தியானம் வரைக்கும் நீங்க, அப்புறம் நான்."

இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறானே என்று ஜபருல்லா கையை நீட்டவில்லை. "இது யாரு யோசன? ஒங்க அக்காவா?"

"சுபாஷினி."

"அந்தப் பொண்ண ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஸுல்கிஃப்லி கைலியை முழங்கால்வரை தூக்கினான். முட்டி வீங்கியிருந்தது. "ஒங்களுக்கு முன்னாடியே நான் போயிட்டிருக்கேன். தொடைத் தச பலமானாத்தான் முட்டிக்குப் பாரம் கொறையுமாம். நாள் பூரா நிக்கக் கூடாதுங்குது."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா? முடியாதவன்னு என்னக் கல்லாவுல ஒக்கார வச்சு, கரண்டிய எங்கிட்ட விடவே மாட்டீங்கன்னுதான்."

ஜபருல்லா கையை நீட்டினார். கரண்டியை வாங்கிக்கொண்டார். வாசலில் முதல் ஆள் வந்து, "பஞ்சிர்!" என்றான். கோழி, கணவாய், பருப்பு. மீன் குழம்புக்குக் கை போனபோது தோள் முனகியது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது.

தட்டைக் கொடுத்துவிட்டு அவர் ஒரு நாற்காலியைக் காலால் மைத்துனன் பக்கம் தள்ளினார். "ஒக்காரு."

ஸுல்கிஃப்லி நாற்காலியைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தான். "எதுக்கு?" என்றான்.