நியூயார்க் வழி வராத பணம்

அந்த அம்மாள் முதன்முறை என் மேசைக்கு வந்தபோது, காகிதங்களை எடுப்பதற்கு முன்னால் ஒரு வெண்கல இம்பெல்லரை எடுத்து வைத்தார். பம்புக்குள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். லேத் எண்ணெயின் வாசனை இன்னும் அதிலிருந்து போகவில்லை. "இதுதானுங்க சார் நாங்க அனுப்பினது. அந்த நியூயார்க் பேங்குக்காரங்களுக்கு இதைப் போட்டோ எடுத்து அனுப்பிச்சுருங்க. இதை வெச்சுக் குண்டெல்லாம் செய்ய முடியாதுன்னு பார்த்தாலே தெரிஞ்சுபோயிருமுங்க" என்றார். கோவைக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நான் அதிகாரியாக இருந்த காலம் அது. என் மேசைக்குக் காகிதங்கள்தான் வரும். விற்ற பொருளே வந்து அமர்ந்தது அன்றுதான்.

கோவையின் கணபதிப் பகுதியில் அவர்களுக்குப் பம்புப் பட்டறை. கணவர் லேத்துகளையும் வார்ப்பையும் பார்த்துக்கொள்வார், அதிகம் பேச மாட்டார். ஆர்டர், துறைமுகம், வங்கி எல்லாம் அந்த அம்மாள் கையில். பட்டறை ஆட்கள் 'முதலாளியம்மா' என்பார்கள், நானும் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பது, போனில் கணவரோடு அவர் பேசியதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. பம்புகளை வாங்கியவர் ஈரானில் கெர்மான் பக்கத்து வியாபாரி. அங்கே பிஸ்தாத் தோட்டங்களுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருமுறை அவரே கோவைக்கு வந்து, இரண்டு நாள் பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பம்பு ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். "அவிய ஊர்லயும் ஆயிரம் அடி போட்டாத்தான் தண்ணியாமாங்க. நம்மூரு மாதிரியேதான்" என்று முதலாளியம்மா அதை ஏதோ சொந்தக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் கெர்மான்காரர் டாலரில் அனுப்பிய பணம்தான் வழியில் நின்றிருந்தது. எந்த இரண்டு நாடுகள் வியாபாரம் செய்தாலும், டாலர் என்றால் அது அமெரிக்காவில் ஒரு வங்கியைத் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அங்கே யாரோ ஒருவர் ஈரான் என்ற பெயரைப் பார்த்ததும் பணத்தை நிறுத்திவிட்டு, இது என்ன பொருள், எதற்குப் பயன்படும், யார் வாங்கினார்கள் என்று கேள்விகள் அனுப்பியிருந்தார். இதை நான் விளக்கியபோது முதலாளியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் கணபதியில செய்யறேன். அவரு கெர்மான்ல வாங்கறாரு. நடுவுல நியூயார்க்காரருக்கு என்னங்க வேலை?"

"உலகம் பூரா எண்ணெய் வாங்கறது டாலர்லதானுங்கம்மா. எண்ணெய் இல்லாம எந்த நாடும் இல்லை. அதனால எல்லாரும் டாலரைச் சேர்த்து வெச்சிருக்காங்க. எல்லார்கிட்டயும் அது இருக்கறதால நாமளும் அதுலயே வாங்கறோம்" என்றேன். இருபது வருடங்களுக்கு மேலாக அந்த நோட்டின் கணக்கைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்க வேண்டும். அவர் "சரிங்க சார்" என்று இம்பெல்லரை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எழுந்தார். ஏழெட்டு மாதங்கள் கடிதம் எழுதிய பிறகு அந்தப் பணம் வந்து சேர்ந்தது.

பிறகு ஒரு புதிய ஏற்பாடு வந்தது. அமெரிக்கா விதித்த தடைகளால், ஈரானிடம் நம் நாடு வாங்கும் எண்ணெய்க்கு டாலர் கொடுக்க வழியில்லாமல் போனதால், விலையின் ஒரு பங்கை ரூபாயாகவே இங்குள்ள ஒரு வங்கியில், ஈரான் வங்கிகளின் பெயரில் போட்டு வைப்பது என்று முடிவானது. இங்கிருந்து அரிசியோ தேயிலையோ மருந்தோ பம்போ ஈரானுக்கு அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து ரூபாயில் பணம் கிடைக்கும். அதைப் பற்றிக் கிளைக்கு வந்த சுற்றறிக்கையை நான் இரண்டு முறை படித்தேன். நம்பிக்கை வரவில்லை. டாலர் இல்லாத ஏற்றுமதி என்பது, உப்புப் போடாமல் சமைத்துவிட்டு ருசி பார்க்கச் சொல்வதுபோல எனக்குத் தோன்றியது. முதலாளியம்மாவோ மறு வாரமே வந்து நின்றார். "எங்களுக்கு ரூபாயே போதுமுங்க சார். ஆளுகளுக்குக் கூலி நான் டாலர்லயா குடுக்கறேன்?"

எங்கள் கிளையிலிருந்து அந்த வழியில் பணம் கேட்டுப் போன முதல் ஏற்றுமதி பில் அவருடையதுதான். பத்தே நாளில் பணம் வந்துவிட்டது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மாதம் கெர்மான்காரர் அனுப்பிய பிஸ்தாவைக் கொண்டுவந்து கிளையில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார். அடுத்து வந்தவை நல்ல வருடங்கள். பட்டறையில் இரண்டு லேத் கூடியது, இரண்டாம் ஷிப்ட் வந்தது. காந்திபுரத்து பங்கில் என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம், இதற்குக் கொடுக்கும் காசில் ஒரு துளி சுற்றிவந்து கணபதிக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அமெரிக்கா மறுபடி நெருக்கியது. நம் நாடு அந்த எண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டது. எண்ணெய் வராவிட்டால் அந்தக் கணக்கில் புதிதாகப் பணமும் விழாது, இருப்பதுதான் கரைந்துகொண்டிருக்கும். இது தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதலாளியம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவருடைய ஆர்டர்களிலேயே பெரியது அப்போதுதான் கப்பல் ஏறியிருந்தது. ஒரு புதன்கிழமை மதியம் காகிதங்களைக் கொண்டுவந்து, "கொஞ்சம் சீக்கிரமா அனுப்பிச்சுருங்க சார்" என்று வைத்துவிட்டுப் போனார். நான் சரிபார்த்தேன். ஒரு தாளில் எடை ஒன்றாகவும் இன்னொரு தாளில் வேறாகவும் இருந்தது. தட்டச்சில் ஓர் எண் மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒரு போன் போட்டிருந்தால் மாலைக்குள் திருத்திக் கொண்டுவந்திருப்பார்கள். வேலை குவிந்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நாளைக்கு நான் விடுப்பு என்பது பூட்டும்போது நினைவில் இல்லை. பொள்ளாச்சி பக்கம் என் மச்சினர் புது வீடு கட்டியிருந்தார். அங்கே போக வியாழனும் வெள்ளியும் விடுப்பு, பிறகு சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை மதியம், தென்னந்தோப்பில் கட்டில் போட்டுப் படுத்திருந்தபோது எனக்கு அந்தக் காகிதங்கள் ஞாபகம் வந்தன. சாவி சட்டைப் பையில் இருந்தது. அன்றே பஸ் ஏறியிருந்தால் சாயங்காலத்துக்குள் கிளைக்கு வந்திருக்கலாம். என் மனைவி வெகு காலத்துக்குப் பிறகு தன் அண்ணன் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை போய் முதல் வேலையாகச் செய்துவிடலாம் என்று திரும்பிப் படுத்தேன்.

திங்களன்று காலை போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் கணவர் பைக்கில் வந்து திருத்திய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே அனுப்பினேன். சில வாரங்களில் அந்த பில் பணமில்லாமல் திரும்பி வந்தது. அந்தக் கணக்கில் மிச்சமிருந்ததை உணவுக்கும் மருந்துக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நான் விடுப்பிலிருந்த அந்த வியாழக்கிழமை எங்கள் கிளையிலிருந்தே, பக்கத்து மேசைக்காரர் அனுப்பிய இன்னொரு பில்லுக்கு முழுப் பணமும் வந்திருந்தது. அது கருமத்தம்பட்டியிலிருந்து விசைத்தறி உதிரிப் பாகங்கள் அனுப்பிய ஒருவருடையது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

முதலாளியம்மாவிடம் சொன்னேன்: "எண்ணெய் வாங்கறது நின்னு போச்சுங்கம்மா. கணக்குல பணம் இல்லை. இதுல நம்ம யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." ஒவ்வொரு சொல்லும் உண்மை. இவ்வளவு பெரிய உண்மைக்குப் பின்னால் நாலு நாள் தாமதத்தை ஒளித்துவைப்பது மிகவும் சுலபமாக இருந்தது. வல்லரசுகள், தடைகள், எண்ணெய்க் கப்பல்கள் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, கோவையில் ஒரு மேசை இழுப்பறையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாம் ஷிப்ட் நின்றது. புதிதாக வாங்கிய லேத்துகளில் ஒன்றை விற்றார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அங்கே வேலை பார்த்த இருவர் வேறு பட்டறைக்குப் போனார்கள். ஏற்றுமதிப் பணம் குறிப்பிட்ட காலத்துக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. வராவிட்டால் வங்கி விளக்கம் கேட்கும். கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த அப்படிப்பட்ட கடிதங்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். அதில் முதலாளியம்மாவுக்குப் போனதும் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு வந்தார். கோபமில்லை. என் எதிரே உட்கார்ந்து, கடிதத்தை மேசையில் வைத்து, நீவிவிட்டார்.

"ஏனுங்க சார், இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

"ஆமாங்கம்மா."

"பணம் ஏன் வரலைன்னு கேட்டிருக்கறீங்க. நான் என்னங்க சார் எழுதோணும்?"

அந்தக் கேள்விக்கு என்னால் வல்லரசுகளைப் பதிலாகச் சொல்ல முடியவில்லை. எடை மாறியிருந்ததை, பூட்டியதை, பொள்ளாச்சியை, தோப்பில் ஞாபகம் வந்தும் படுத்துக்கிடந்ததை, வியாழக்கிழமை போன பில்லுக்குப் பணம் வந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளையில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் மணி இரண்டு முறை அடித்தது.

"நான் நியூயார்க்லயும் டெல்லியிலயும் தேடிட்டிருந்தனுங்க சார்" என்றார் கடைசியில். "இங்க, இந்த மேசையிலயே இருந்திருக்குது."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரிங்க. இப்ப என்ன பண்ணலாமுங்க?" என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

அதன்பின் ஒன்றரை வருடம் அந்த ஒரு பில்லோடுதான் இருந்தேன். என் தாமதத்தை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கோப்பில் வைத்து, வேலையைப் பாருங்கள் என்றார். கெர்மான்காரர் பணத்தை மறுக்கவேயில்லை, அனுப்ப வழிதான் இல்லை. அவருடைய தங்கை கணவர் துபாயில் உலர்பழ வியாபாரம் செய்கிறவர். அவர் மூலம் அந்த ஊர்ப் பணமான திர்ஹாமில் கொடுக்கலாம் என்று எழுதினார். வாங்கியவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர் என்பதால் எங்கள் தலைமை அலுவலகம் இரண்டு முறை மறுத்தது. பம்பு பாசனத்துக்கானது, காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று மூன்றாம் முறை எழுதியபோது சம்மதம் வந்தது. முதல் தவணை வந்த அன்று நானே கணபதிக்குப் போய்ச் சொன்னேன். முதலாளியம்மா காபி கொடுத்து, வாசல்வரை வந்து, "ரொம்ப சந்தோஷமுங்க சார்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து அவருடைய புதிய பில்கள் வேறு வங்கிக்குப் போயின. காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பழைய பில் மட்டும் எங்களிடம் இருந்தது, அதற்கான பணம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் எனக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது.

இப்போது மதுக்கரையில் இருக்கிறேன். எண்ணெய் வியாபாரத்தில் டாலரின் பிடி தளர்கிறது என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். ரஷ்ய எண்ணெய்க்கு ரூபாய் என்கிறார்கள், திர்ஹாம் என்கிறார்கள், யுவான் என்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் ஒரு வெற்றிச் சந்தோஷம், மீதிப் பேருக்குப் பயம். எனக்கு இரண்டுமே வருவதில்லை. டாலர் ஒரு அகலமான சாலை. சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் நிறுத்தலாம். மற்றவை ஊருக்குள் புகுந்து போகும் பாதைகள். அவற்றிலும் அங்கங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கண்ணியமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு பாதையில் அவர் நானாக இருந்தேன். அந்தப் பாதை எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பது எண்ணெய் வாங்குகிறவர்கள் கையில் இருந்தது. அது திறந்திருந்த கடைசி நாட்களில் நான்கு நாள் அதன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

போன மாதம் ஒரு பகல் பொழுதில் போன் வந்தது. புதிய எண். குரல் தெரிந்தது. "ஏனுங்க சார், நல்லா இருக்கறீங்களா? கெர்மான்காரரோட கடைசிப் பணமும் இன்னைக்கு வந்து சேர்ந்துருச்சுங்க. பில்லு முடிஞ்சுது. நீங்க நினைச்சுட்டே இருப்பீங்கன்னுதான் கூப்பிட்டேன்" என்றார். பட்டறை எப்படி என்று கேட்டேன். ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது என்றார். விற்ற லேத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. "வெச்சறட்டுங்களா சார்" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் வைத்தார்.

யார் என்று மனைவி கேட்டாள். பொள்ளாச்சியில் தன் அண்ணன் வீட்டில் இருந்த அந்த நாலு நாட்களைப் பற்றி அவள் இன்றும் பேசுவாள். அண்ணன் அடுத்த வருடமே இறந்துவிட்டார். அதனால்தான் இத்தனை காலம் அவளிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன், அண்ணன் நினைவாக அவளுக்கு மிச்சமிருப்பதில் நல்லது அந்த நாலு நாட்கள்தான். அன்றைக்குச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் கையிலிருந்த முருங்கைக் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நம்பரைப் போடுங்க" என்றாள். "நானும் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசோணும்."