மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்றதும், உறவினர்கள் அவரவர் நினைவில் இருந்த நற்குணங்களைச் சொல்லி அனுப்பினார்கள். அதில் பொறுமையும் இருந்தது. அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. கேரேஜுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் பிறந்தார். அப்பா கேரட் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். எட்டாம் வகுப்போடு அண்ணனின் படிப்பு நின்றது. ஊட்டியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கற்று, முப்பது வயதில் மார்க்கெட்டுக்குப் பின்புறம் சொந்தமாகக் கேரேஜ் வைத்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை முறுக்குவார். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்பதை முள் காட்டும். நான்கையும் இப்படியே பார்ப்பார். ஒன்றில் முள் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில். விற்க வந்தவர் "நல்லா ஓடுதுங்க" என்று ஆரம்பித்தால், "நீங்க சும்மா இருங்க, முள்ளு சொல்லட்டும்" என்பார்.

மலைமேல் காற்று லேசு. கோவையில் நூற்றறுபது காட்டும் நல்ல என்ஜின், ஊட்டியில் நூற்றுமுப்பதைத் தாண்டுவது அபூர்வம். இது தெரியாமல் கீழிருந்து வரும் மெக்கானிக்குகள் நல்ல என்ஜினையே செத்துப்போச்சு என்பார்கள். அவர்களை அண்ணன் கேலி செய்யாமல் அனுப்பியதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். என் கணவர் அப்போது பிறர் டாக்சியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி ஒன்று வந்தால்தான் நாங்கள் தலையெடுக்க முடியும். மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய வேன் விலைக்கு வந்தது. அண்ணன் கேஜை எடுத்துக்கொண்டு அவருடன் இறங்கினார். நான்கு சிலிண்டரிலும் நூற்றுமுப்பது.

"ஏனுங் மாப்ள, நாலும் ஒரே மாதிரி நிக்குது. கண்ண மூடிட்டு வாங்குங்க."

வாங்கி மலையேறியபோது அந்த வேன் பாதி வழியில் பர்லியாறைக்கூடத் தாண்டவில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்து, ஊட்டியில் மறுபடி கேஜ் போட்டார். நான்கிலும் நூறு. அண்ணன் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என்னுதுங்க மாப்ள. கீழ நின்னுட்டு மேலத்திக் கணக்குல பாத்துப்போட்டேன்."

"உடுங்க மச்சான், ஆனது ஆச்சு" என்றார் என் கணவர். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இரண்டு மாதம் அண்ணனுடன் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் என்ஜினை இறக்கி அவரே சரிசெய்தார். பிறகு அந்த வேன் பதினோரு வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. கேஜ் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்டில் "மேலே வேறு, கீழே வேறு" என்று எழுதிவைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தன் தவறைத் தானே சொல்லிச் சிரித்தார். நற்குணம் என்று நான் ஒன்றை எழுத வேண்டுமானால் அதைத்தான் எழுதுவேன்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு நுரையீரல் கெட்டது. ஊட்டி மருத்துவமனையில் விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தெட்டு என்று காட்டியது. கோவைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அங்கும் எண்பத்தெட்டு.

"குறையலீங்கண்ணா, அதேதான்" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

அண்ணன் சிரித்தார். "அம்மிணி, மேல எண்பத்தெட்டும் கீழ எண்பத்தெட்டும் ஒண்ணா? கீழ வந்தா ஏறியிருக்கோணும். வேன மறந்துட்டியா? என்னய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதை மருத்துவரும் மறைக்கவில்லை. நான்காம் நாள் அழைத்து வந்தோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஆம்புலன்ஸை ஓட்டி வந்தவருக்கும், கட்டிலைத் தூக்கிப் படியேற்றிய தெருக்காரர்களுக்கும், கடையடைத்துவிட்டு வந்து நின்ற மார்க்கெட் மக்களுக்கும், அண்ணியையும் பிள்ளைகளையும் இந்த ஓராண்டு தனியாக விடாத எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் படுக்கவைத்ததும், கோவையில் வாங்கிவந்த கிளிப்பை அவர் விரலில் மாட்டினேன். எழுபத்தொன்று. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது.

"எத்தன அம்மிணி?"

"எண்பத்தெட்டுங்கண்ணா. அதேதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "மேல எண்பத்தெட்டுன்னா தேவலையே" என்று சொல்லிக் கண்ணை மூடினார். மறுநாள் மதியம் காலமானார்.

முள் காட்டாத எண்ணை அண்ணன் யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கு நான் சொன்னேன்.

– தங்கை