வெர்னா டீச்சரின் மூன்று நிமிடம்

வெர்னா லிண்ட்க்விஸ்டுக்கு மேடைப்பேச்சு பிடிக்காது. அதைக் கூறுபோடத்தான் பிடிக்கும். ஆல்டர் கிரீக் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வருகிற யாராக இருந்தாலும் அவளிடம் ஒரு வருடம் மாட்டியாக வேண்டும். யார் யாரை எப்படிப் பேசி மசிய வைக்கிறார்கள் என்பதுதான் பாடம். பேசுகிறவன் தன்னை யோக்கியனாகக் காட்டிக்கொண்டால் எத்தோஸ். கேட்கிறவனைக் கலங்க வைத்தால் பேத்தோஸ். கணக்குக் காட்டி மடக்கினால் லோகோஸ். எதிராளி சொல்லப்போவதைத் தானே முந்திக்கொண்டு சொல்லி வாயை அடைப்பதற்கு ஒரு பெயர், பதில் வேண்டாத கேள்விக்கு ஒரு பெயர். உரையை வாசிக்கும்போது ஒரு வித்தை தட்டுப்பட்டால் உடனே பென்சிலால் மேசையைத் தட்ட வேண்டும் என்று வகுப்பில் பழக்கியிருந்தாள். நல்ல உரை சிக்கிவிட்டால் வகுப்பறை ஆலங்கட்டி மழை விழுகிற தகரக் கொட்டகை மாதிரி இருக்கும்.

ஊரில் பாதிப் பேர் அப்படித் தட்டி வளர்ந்தவர்கள். அங்கே டிராக்டர் விற்க வருகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

அந்தப் பள்ளியை மூடி, நாற்பது மைல் தள்ளியிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பள்ளி வாரியம் கிளம்பியது. ஆசிரியர்களுக்கு அங்கே வேலை உண்டு. வெர்னாவுக்கு அது உதவாது. அவள் கணவன் ஆர்லன் பக்கவாதத்தில் படுத்தவன். அது ஊருக்குத் தெரியும். மத்தியான இடைவேளையில் அவள் ஓடிப்போய் ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்புவது தெரியாது. ஆர்லனுக்கு வெட்கம். ஊட்ட வேறு ஆள் வைத்துப் பார்த்தாயிற்று; ஆர்லன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றான். நாற்பது மைல் தள்ளி வேலை என்றால் மத்தியானம் வீட்டுக்கு ஓடிவர முடியாது; இந்தப் பள்ளி போனால் அவளுக்கு வேலையே போகும். வேலை போனால் அவன் மருந்துக்குக் கைகொடுக்கும் காப்பீடும் போகும். இதையெல்லாம் நினைத்துக் கவலைப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது.

"நீதான் பேசணும்," என்றாள் கணக்கு டீச்சர் ரோண்டா. "உன்னை விட்டா ஊர்ல யாருடி இருக்கா?"

"எனக்கு எங்க பேச வரும்? பேசினதைப் பிரிக்கத்தான் தெரியும்."

"பிரிக்கத் தெரிஞ்சவளுக்குச் சேக்கத் தெரியாதா? ஆனா வீட்டுக் கதையை மட்டும் எடுக்காத. டீச்சர் அழுது காரியம் சாதிக்கிறாங்கன்னு ஆயிடும். புள்ளைங்களப் பத்திப் பேசு."

கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. வந்தவர்களுக்கு வழக்கம்போலச் சில்லி என்கிற காரமான பீன்ஸ்-கறிக் குழம்பும் பட்டைப்பொடி தூவிய சுருள் ரொட்டியும். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். வாரியத் தலைவன் க்ரெய்க் டூசெக் பன்றிப் பண்ணைக்காரன், அவளிடம் படித்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது.

வெர்னா ஆரம்பித்தாள். தான் எத்தனை காலமாக இந்த ஊர்க்காரி என்று சொன்னாள். வாரியத்தார் மேசைப் பக்கம் ஒரு பேனா தட்டியது. பணமில்லை என்பது தனக்கும் தெரியும் என்றாள். இன்னொரு தட்டல். "இந்தப் பள்ளியில்தான்" என்று அடுத்தடுத்து மூன்று வாக்கியம் தொடங்கியதும் பின்வரிசை வரைக்கும் தட்டல் பரவியது. யாரும் கேலி செய்யவில்லை. எல்லார் முகத்திலும் பாசம் வழிந்தது. அதுதான் கொடுமை.

"அடுக்கு அழகா விழுந்துச்சு டீச்சர்," என்றான் க்ரெய்க். "மார்க் போடலாமா?"

சபை சிரித்தது. வெர்னா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"க்ரெய்க், இதை விடு. ஆர்லனுக்கு மத்தியானம் நான்தான் ஊட்டணும். வேற யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டார். பள்ளிக்கூடம் போயிட்டா என்னால முடியாது. நான் களைச்சுப் போயிட்டேன்ப்பா."

ஒரு பேனாவும் தட்டவில்லை. க்ரெய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா?" என்றான் சபையைப் பார்த்து. "சின்னச் சின்ன வாக்கியம். ஒரு அலங்காரம் இல்ல. எல்லாத்தையும் கடைசில இதுதான் அடிக்கும்னு அப்பவே சொல்லித் தந்தாங்க. பிரமாதம் டீச்சர்!"

எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு வாரியம் வாக்கெடுத்தது. பள்ளியை மூடுவதற்கே கைகள் அதிகம்.

காபி மேசையருகே க்ரெய்க் வந்து நின்றான்.

"டீச்சர், ஆர்லன் பத்திச் சொன்னீங்களே, அது நெஜமாவா?"

"நெஜம்தான்."

கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "பேச்சுக்காகச் சேத்தீங்கன்னு நெனச்சுட்டேன். நீங்கதான சொல்வீங்க, சொல்றது நெஜமா பொய்யான்னு பாக்காத, கேக்குறவனை என்ன செய்யுதுன்னு பாருன்னு."

ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அவள் சொல்வது அது. ஒரு வார்த்தை மாறவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றாள். "உன்னை என்ன செஞ்சுது?"

"அழுகை வந்துச்சு டீச்சர்."

"அப்புறம்?"

அவன் காபியைப் பார்த்தான். "அப்புறம் மூடலாம்னு கையத் தூக்கிட்டேன்."

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். ஆர்லனுக்குப் பசிக்கிற நேரமாகிவிட்டது.