சபியா மாமியின் வாயசைவு

என் முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு நான் முதலில் போன வீடு நற்பிட்டிமுனையில் இருந்தது. கல்முனைப் பக்கம் பதினெட்டு வருடம் தாதியாக வேலை செய்தபின், சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உள்ள முதியவர்களின் ஞாபகசக்தியை ஆய்வுக்கு எடுத்திருந்தேன். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். சொல்லுக்கு ஒரு புள்ளி.

அந்த வீட்டு ஆதம்பாவா மாமா வட்டை விதானையாக இருந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டவர். மூன்று சொற்களையும் பிசகாமல் சொன்னார். முழுப் புள்ளி போட்டேன். ஸ்கூட்டியில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பதிலுக்கும் முன் அவர் மனைவி சபியா மாமியின் வாயசைவைப் பார்த்திருந்தார்.

அடுத்த கிழமை, மாமி அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது மறுபடி கேட்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. மாமா குரலைத் தாழ்த்தினார்.

"மகள், அடுப்படியில நிக்கிற மனிசி ஆரு? என்னை நல்லாப் பாக்கிறா. அவட ஊட்டுல தேட மாட்டாங்களா?"

மாமி தட்டத்துடன் கதவடியில் நின்றார். "தேட மாட்டாங்க. சொல்லிட்டுத்தான் வந்த நான்" என்று கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

என்னை வழியனுப்ப வெளியே வந்தபோதுதான் மாமி அழுதார். மாமாவின் மறதியை இரண்டு வருடமாக மறைத்து வருகிறாராம். மாமா மாத்திரை போட்டதை மறந்து திரும்பப் போட்டு, ஒருநாள் சீனி இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து விழுந்தும் இருக்கிறார்.

"எழுதாதீங்க மகள். புள்ளையள் அறிஞ்சா ஒருத்தி வாப்பாவையும் மத்தவ என்னையும் கூட்டிப் போயிருவாங்க. நான் இல்லாட்டி அவருக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவள் நான். ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் மாமா எழும்பாமலே போகலாம். என் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அந்த வீட்டை ஆய்விலிருந்து நீக்கிவிட்டு, தாதியாகத் திரும்பிப் போகச் சொன்னார்.

மாமிக்குத் தெரியாமல் மகள்மாருடன் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. மாத்திரைப் பெட்டியை மாமியின் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று தடவை போய்ப் பேசிய பிறகுதான், மகள்மாருக்குச் சொல்லவும் மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவும் அவர் சம்மதித்தார். கிளினிக்கில் இரத்தம் சோதித்ததில் ஒரு விட்டமின் குறைவு தெரிந்தது. ஊசி போட்டதும் கொஞ்சம் தெளிவு வந்தது. ஞாபகம் முழுதாகத் திரும்பாது என்பதையும் டொக்டர் மறைக்கவில்லை.

மூத்த மகள் வாப்பாவைச் சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். புது இடம் அவரை இன்னும் குழப்பும், உம்மாவின் முகம் ஒன்றைத்தான் அவர் நம்புகிறார் என்றேன். அவள் தங்கச்சிக்கு போன் எடுத்தாள். பிறகு, சகோதரிகள் இருவரும் முறைவைத்து வந்து நிற்பதென்று முடிவானது.

கடைசியாகப் போனபோது மாமா நித்திரை. பிரஷர் பார்க்கும் கருவியை மாமியின் கையில் கட்டி, நீங்க நித்திரை கொள்றீங்களா என்று கேட்டேன். அவருடைய பிரஷர், மாமாவுடையதைவிட மிகக் கூட.

"இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கல்ல மகள்" என்றார்.

மிச்ச வீடுகளுக்குப் போனபோதெல்லாம் நான் இரண்டு பேருக்குப் பிரஷர் பார்த்தேன்.