மிளகாய் படாத கை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மாப்பிள்ளையாம். பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் அவருக்கு அது வைக்கோல் போராம். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் எங்கள் மூக்குக் கண்ணாடித் தொழிலே நடக்கிறது. என்னைப் போலவே கண்ணாடிக் கடையில் நின்று அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கண்ணுக்குள் கிண்ணம்

கொடுமுடிப் பக்கத்துச் சென்னியப்பனுக்கு, கண்ணாடி போட்டவர் என்பதாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. கோயமுத்தூரில் எங்கள் முதலாளியைப் பிடித்து, கண்ணுக்குள்ளேயே மாட்டுகிற சீமைக் கண்ணாடியை வரவழைத்துக்கொண்டார். சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீர் நிரப்பி விழிமேல் கவிழ்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் விட்டால் கண்ணுக்கே ஆபத்து.

கழற்றுவதுதான் வித்தை. கையைச் சுத்தமாகக் கழுவி, மடியில் துண்டை விரித்து, மேலே பார்த்தபடி கீழ் இமையைக் கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் மெல்லத் தள்ளினால், காற்றுப் புகுந்து தானாகக் கழன்று விழும். மாட்டுவது அவருக்குப் பழகிவிட்டது; கழற்ற இமையைத் தொட்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"தம்பி, மாட்டறது நானு, களட்டறது நீயி. பொண்ணு பாக்க நீயும் கூடவே வந்துரு கண்ணு!"

கை நனைத்த கதை

மேட்டுப்பாளையத்தில் பெண் வீடு. பெண் ருக்குமணி காப்பி கொண்டுவந்தாள். சென்னியப்பன் ஆசைதீரப் பார்த்தார். இரண்டு மணி நேரம் நெருங்குகிறது, கிளம்பலாம் என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள், கூட வந்திருந்த அவருடைய மாமா, "எங்களுக்குச் சம்மதமுங்க" என்று சொல்லித் தொலைத்தார். பெண்ணின் அப்பா வாசலை மறித்துக்கொண்டார். உள்ளே கோழிக் குழம்பு கொதித்தது.

"சரீன்னு சொல்லிப்போட்டுக் கை நனைக்காமப் போறதாவதுங்க? உக்காருங்க மாப்ள!"

கழற்றிய கை

சாப்பிட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் கண் சிவந்து நீராய் ஊற்றியது. கிணற்றடிக்கு இழுத்துப் போனேன். சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் குழம்புக் காரம் என் இடது கைக்கும் ஏறியதே தவிர, விரலில் காந்தல் போகவில்லை. உதட்டில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. இந்தக் கையால் கண்ணைத் தொடுவதா? பின்னாலேயே வந்த பெண்ணின் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை தன் கையைப் பார்த்தாள். அம்மியில் மிளகாய் அரைத்த கை. ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டவர்கள், பெண்கள் எல்லாரும் சமைத்தவர்கள். அலங்காரம் கலையுமென்று அடுப்படிக்கே விடாமல் வைத்திருந்தது ஒரே ஒருத்தியைத்தான். பந்தி முடியாததால் அவள் இன்னும் சாப்பிடவும் இல்லை.

"என்ர மருமக ருக்குமணியக் கூப்புடறேன். கண்ணு போனாத் திலும்பி வருமா?" என்றாள் அத்தை.

ருக்குமணி கையைக் கழுவினாள். நான் தள்ளி நின்று மெதுவாகச் சொல்லச் சொல்ல, கிண்ணம் இரண்டும் துண்டில் விழுந்தன. "இப்ப நாந் தெரியறனுங்களா?" என்று கேட்டாள். "சேல நெறந்தானுங்க தெரியுது" என்றார் சென்னியப்பன், தலை குனிந்து. இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தபடி, என் பையிலிருந்த அவருடைய பழைய மூக்குக் கண்ணாடியை நீட்டினேன். அவள் அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"நிச்சயத்துக்கு இதையே போட்டுட்டு வாங்க. எனக்குப் பசிக்குதுங்க, சாப்புடப் போறேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கடையில் எத்தனையோ பேருக்குக் கண் தெரிய வைத்த என் கை, ஒரு கல்யாணத்தை முடித்துவைத்தது ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துதான்.