சொல்லிக்கொடுக்கக் கூடாத ஊர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வு ஒன்று செய்து கொடுத்தால்தான் பட்டம். தீக்காயத்துக்கு வீட்டில் செய்ய வேண்டிய முதலுதவி என்று தலைப்பு எடுத்தேன். பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவளுக்கு வேறு எது தோன்றும்?

முறை இதுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இரண்டு ஊர். இரண்டிலும் பெண்களிடம் கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். முதல் ஊரில் பாடம் நடத்த வேண்டும். இரண்டாவது ஊரில் வாயைத் திறக்கக் கூடாது. பத்து நாள் கழித்து மறுபடி அதே கேள்வித்தாள். முதல் ஊரின் மதிப்பெண் ஏறி, இரண்டாவது ஊருடையது அப்படியே கிடந்தால் என் பாடம் பலித்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஊர்க்காரர்களுக்குச் சொல்லலாம். ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு மேடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது ஊரில் அநேகமாக எல்லாரும் பேனா மை ஊற்றுவோம், மாவு பூசுவோம் என்று டிக் அடித்திருந்தார்கள். இடுப்பில் மூன்று வயது மகளோடு வந்த ஒரு பெண், மை ஊற்றுவது சரியா தப்பா என்று கேட்டாள். பத்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போதே சொன்னால் என்ன என்றாள். என் படிப்பு அப்படி என்றேன். எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத் தாள்களைத் திருத்தினால், இரண்டாவது ஊர் முதல் ஊரை எட்டிப் பிடித்திருந்தது. எல்லாரும் தண்ணீருக்கு டிக். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்தப் பெண்ணிடம்தான் பாய்ந்தேன்.

அவள் மகளின் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"போன வாரம் கஞ்சி கொட்டிருச்சு. இருவது நிமிசம் பச்சத் தண்ணிய ஊத்துனேன். கம்பெனி வேன்ல வார அந்தூர்ப் பிள்ளைக சொன்னாக. நீங்க சொல்ல மாட்டேன்னுட்டீக, நாங்க யார்ட்ட போயிக் கேக்க?"

இரண்டு ஊருக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனி வேன். என் அம்மாவும் பல வருஷம் அப்படி ஒரு வேனில் போய்வந்தவள்தான். பாடம் ஊர் விட்டு ஊர் பரவக் கூடாதென்று மூன்று மைல் தள்ளி ஊர் தேடிய எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பிஞ்சுக் காலைப் பார்த்தபோதும், ஆய்வு போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வேன் போகாத ஊராகப் பார்த்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார் கைடு மேடம். சாத்தூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊருக்குப் போய்க் கேள்வித்தாள் கொடுத்து வாங்கினேன். அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே உட்கார்ந்து முழுப் பாடத்தையும் நடத்திவிட்டு பஸ் ஏறினேன்.

ஒப்பிட்டுக் காட்ட ஊர் இல்லாமலேயே ஆய்வைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பலவீனமான ஆய்வு, பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"பத்து நாளும் அங்கே அடுப்பு எரியும் சார்" என்றேன்.

பாஸ் மார்க் மட்டும் போட்டார்.