அத்தையின் கட்டைவிரல் நகம்

எங்கள் வீட்டில் அப்போது செல்லமாக வளர்ந்தது நானல்ல, அத்தையின் வலது கட்டைவிரல் நகம். அப்பாவின் தங்கை அவள். மென்பொருள் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து, தெலுங்கு பேசும் ஊரான குகட்பள்ளியில் எங்களோடு தங்கியிருந்தாள். ஃபிளமென்கோ என்கிற ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் வாசிப்பில் கிறுக்கு. கட்டைவிரல் ஒரு கம்பியை நகத்தால் அடித்துவிட்டு அடுத்த கம்பியின்மேல் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டுமாம். கிட்டார் கையில் இல்லாதபோது சாப்பாட்டுத் தட்டின் விளிம்பிலும் என் முதுகிலும் அந்தப் பயிற்சி நடக்கும்.

வருகிற ஞாயிறு அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அலுவலக ஆண்டுவிழாவில் அவள் வாசிக்க வேண்டும்.

"அந்த நகத்த வெட்டிரு. வாரவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் அம்மா.

"தலைமுடிய வேணா வெட்டுதேன் மைனி. இது வளர மூணு மாசம் ஆச்சு."

பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் மாலை, அம்மா பால் பவுடர் டப்பாவை என்னிடம் நீட்டினாள். "என்னால தெறக்க முடியலட்டி. அத்தைட்ட குடு."

பசி பசி என்று நான் அவசரப்படுத்தினேன். அத்தை கரண்டிக் காம்பால் நெம்பினாள். கரண்டி வழுக்கி, நகம் பாதியில் ஒடிந்தது. அவள் அறைக்குள் போய் அழுதாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

டேபிள் டென்னிஸ் பந்தை நறுக்கி நகமாக ஒட்டலாம் என்று அலுவலகத் தோழி போனில் வழி சொன்னாள். யாரையும் தொடவிடாத என் ஆரஞ்சு நிறப் பந்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒட்டியது ஒட்டியதுதான், ஞாயிறன்று பிய்த்தும் வரவில்லை. காப்பியை வாங்கிய மாப்பிள்ளையின் அம்மா இது என்ன என்று கேட்க, "அது என் பந்து" என்று பள்ளிக்கூடப் பழக்கத்தில் தெலுங்கில் பெருமையாகச் சொன்னேன். பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்களிடமிருந்து பிறகு போனே வரவில்லை. அத்தை அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை. ஆண்டுவிழாவில் என் பந்தின் துண்டு கம்பிகளில் விளையாடியபோது, எல்லோரும் நிறுத்திய பிறகும் அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள்.

நகத்தை ஒடித்த பாவம் என்னுடையது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். எதிர்வீட்டு ஆன்ட்டி, இறுகிப்போன ஊறுகாய் பாட்டில்களையெல்லாம் திறக்க அம்மாவிடம்தான் கொண்டுவருவார். அது எனக்கு அப்போதே தெரியும். அதையும், அம்மாவால் அன்று 'தெறக்க முடியாத' பால் பவுடர் டப்பாவையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.